பழைய நாவலை மறுபடி படிப்பதும் பரிந்துரைப்பதும்

"அந்த நாவலைப் படிச்சதில்லையா? கண்டிப்பா படிங்க" என்று ஒருவரிடம் சொல்கிறோம். சொல்லும்போது அந்த நாவல் நம் கையில் இருப்பதில்லை. கல்லூரி விடுதியிலோ கோடை விடுமுறையிலோ அதைப் படித்த ஞாபகம்தான் இருக்கிறது. கேட்டவர் போய் வாங்கிப் படிக்கப்போவதோ அச்சில் இருக்கும் புத்தகத்தை. இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. பல நேரம் இருப்பதில்லை. அதனால்தான் நல்ல வாசகர்கள் மனதாரச் சொன்ன நாவல்கள்கூட ஐம்பதாவது பக்கத்தில் மூடி வைக்கப்படுகின்றன.

இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான். பல வருடங்களுக்கு முன் பிடித்த நாவலை இன்னொருவருக்குச் சொல்வதற்கு முன் நீங்கள் மறுபடி ஒருமுறை படியுங்கள். முழுக்கப் படியுங்கள். அது கூடுதல் வேலை என்று தோன்றினால், அந்த நாவல் உங்களுக்கு உண்மையிலேயே அவ்வளவு பிடித்ததா என்பதையே யோசிக்க வேண்டியிருக்கும்.

எடுப்பதற்கு முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

புத்தகத்தை அலமாரியிலிருந்து இறக்கும் முன் ஒரு தாளில், அந்த நாவலில் உங்களுக்கு என்னென்ன ஞாபகம் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். ஊர், ஆட்களின் பெயர், மறக்காத ஒரு காட்சி, எப்படித் தொடங்கியது, எப்படி முடிந்தது. பின்னட்டையைப் பார்க்காதீர்கள், செல்போனில் தேடாதீர்கள். ஞாபகம் இல்லாததை இல்லை என்றே விட்டுவிடுங்கள்.

தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளை இளவயதில் படித்தவர்கள் எழுதும் தாள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். கும்பகோணம். பாபு. அவனைவிடப் பத்து வயது மூத்த யமுனா. சங்கீதம். ரங்கண்ணா. யமுனாவிடம் பாபு மனதைச் சொல்லும் இடம், அதற்கு அவள் என்ன செய்தாள் என்பது, பல வருடம் கழித்து நடக்கும் அந்த இன்னொரு காட்சி. இருபது வயதில் அந்த நாவலைப் படிப்பவர் பாபுவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் படிக்கிறார். அவன் யாரைப் பார்க்கிறானோ அவளைத்தான் பார்க்கிறார்.

இப்போது புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டுத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலான தாள்களில் தங்கம்மாள் இருக்கமாட்டாள், அல்லது அரை வரி இருப்பாள். பக்கத்து வீட்டுக் கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட இளம்பெண் அவள். பாபுவின் கதையில் அவள் ஒரு தடுமாற்றம், ஒரு கிளைக்கதை என்றுதான் முதல் வாசிப்பில் கடந்துபோயிருப்போம். நாற்பது வயதில் அந்தப் பக்கங்களைத் தாண்ட முடியாது. அவளுக்குப் போக்கிடம் ஒன்றுகூட இல்லை என்பதையும், பாபுவுக்கு வருத்தப்படவாவது இடம் இருக்கிறது என்பதையும் ஜானகிராமன் எவ்வளவு சிக்கனமாகச் சொல்லியிருக்கிறார் என்று தெரியும். அடுத்தது பணம். யமுனாவும் அவள் அம்மாவும் படிப்படியாகச் சோற்றுக்கே திண்டாடும் நிலைக்கு வருவது நாவல் நெடுக நடக்கிறது. காதலைப் படிக்கிற அவசரத்தில் அந்த வறுமையை நாம் பார்த்திருக்கவே மாட்டோம். மூன்றாவது ரங்கண்ணா. குருவின் வீட்டில் பாட்டுக் கற்றுக்கொள்ளும் பகுதிகள் முன்பு கதையை இழுத்தடிப்பதாகத் தோன்றியிருக்கலாம். இப்போது நாவலின் முதுகெலும்பே அதுதான் என்று தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

தாளில் இருந்தது அந்த வயதில் நீங்கள் பார்த்தது. தாளில் இல்லாமல் புத்தகத்தில் இருப்பதுதான் இன்னொருவரிடம் சொல்ல வேண்டியது. "காதல் கதை, அருமையா இருக்கும்" என்பதற்குப் பதில், "பாட்டுக் கத்துக்கிற பகுதி நிதானமாப் போகும், அதை விட்டுடாதீங்க" என்று சொல்ல முடிந்தால் கேட்பவருக்கு அது உண்மையான உதவி.

எந்தப் பிரதியில் படிப்பது

முதலில் படித்த அதே பிரதி கிடைத்தால் அதிலேயே படியுங்கள். அன்று அடிக்கோடிட்ட வரிகள் இருந்தால் இன்னும் நல்லது. எந்த வரியை இப்போது அடிக்கோடிட மாட்டீர்கள் என்பதே ஒரு தகவல்தான்.

நம் வீடுகளில் இன்னொரு வகைப் பிரதி உண்டு. பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கத்தரித்து, சேர்த்து, பைண்டு செய்து வைத்த புத்தகம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' அப்படி எத்தனையோ குடும்பங்களில் இருந்தது, சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதைக் கையில் எடுத்தால் முதலில் காலிகோ ஒட்டிய முதுகு தெரியும். உள்ளே தடித்த நூலால் தைத்திருப்பார்கள். பைண்டர் ஓரத்தை அதிகம் வெட்டிவிட்ட பக்கங்களில் வரிக்கு வரி கடைசி எழுத்து இருக்காது. ஒவ்வொரு அத்தியாயத்தின் மூலையிலும் யாரோ பென்சிலால் எண் போட்டிருப்பார்கள், இரண்டு எண் முன்னும் பின்னும் மாறியிருக்கும். அத்தியாயம் முடிந்த பக்கத்தின் மறுபுறம் ஒரு தைல விளம்பரம், பாதி துணுக்கு, வேறொரு கதையின் கடைசிப் பத்தி. நடுவே மணியத்தின் ஓவியங்கள். வந்தியத்தேவனும் நந்தினியும் பூங்குழலியும் இப்படித்தான் இருப்பார்கள் என்று ஒரு தலைமுறைக்கே தீர்மானித்துக் கொடுத்த படங்கள் அவை. பின்னாளில் 'கல்கி' பத்திரிகையில் அதே கதை மறுபடி வந்தபோது வினு, பத்மவாசன் போன்றவர்கள் வரைந்தார்கள். அந்தப் படங்களோடு வளர்ந்தவர்களுக்கு நந்தினியின் முகம் வேறு.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இப்படி ஒரு பைண்டு பிரதி இருந்தால் அதைப் பழைய பேப்பர் கடைக்குப் போகவிடாதீர்கள். பரிந்துரைக்கிறபோது அதைக் கையில் கொடுக்கவும் வேண்டாம், தாள் பொடிந்துபோகும். படிக்கக் கொடுக்க ஒரு புதுப் பிரதி வாங்குங்கள். கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டதால் இன்று பல பதிப்பகங்கள் 'பொன்னியின் செல்வன்' போடுகின்றன. விலை மலிவாக இருக்கிறதே என்று எடுப்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: ஐந்து பாகமும் முழுதாக இருக்கிறதா, 'சுருக்கம்' என்று உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதா, கல்கி எழுதிய முடிவுரை இருக்கிறதா. ஐந்தாம் பாகத்தின் கடைசியில் அவர் வாசகர்களின் கேள்விகளை எடுத்துக்கொண்டு, யார் யார் பின்னால் என்ன ஆனார்கள் என்று சொல்லும் பகுதி அது. நாவலின் முடிச்சுகள் பல சரியாக அவிழவில்லை என்ற மனக்குறை அப்போதே வாசகர்களுக்கு இருந்தது என்பதும், அதற்குக் கல்கி என்ன சொன்னார் என்பதும் அதில்தான் இருக்கிறது.

அச்சில் இல்லாத நாவலைத் தேடுகிறவர்கள் முதலில் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். பழைய நாவல்கள் அடுக்கில் இல்லாவிட்டாலும் உள்ளறையில் இருக்கும், நூலகரிடம் ஆசிரியர் பெயரோடு கேட்டால் எடுத்துத் தருவார்கள். சென்னையில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களுக்குச் சட்டப்படி ஒரு பிரதி போய்ச் சேர வேண்டிய நூலகங்களில் அது ஒன்று. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் அங்கேயே உட்கார்ந்து பழைய பதிப்புகளைப் பார்க்கலாம். நாட்டுடைமை ஆனவற்றில் பலவற்றை மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. உரிமை உள்ள நாவலின் திருட்டு பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவது மட்டும் வேண்டாம். அந்த எழுத்தாளரை மதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அதைச் செய்ய முடியாது.

எந்த வேகத்தில்

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை, ஏறக்குறைய மூன்றரை வருடம் வாரம் வாரமாக வந்த கதை. அதை நான்கு நாளில் முடித்தேன் என்று சொல்வது ஒரு வாசிப்பு. மறுவாசிப்பை அப்படிச் செய்யாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அத்தியாயம் போதும். அத்தியாயக் கடைசியில் கதவு தட்டப்படுவதும், இருட்டில் ஓர் உருவம் தெரிவதும், அடுத்த அத்தியாயத் தொடக்கத்தில் நடந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்வதும் ஒரு வாரம் காத்திருந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. ஒரே மூச்சில் படித்தால் அவை உறுத்தும். விட்டு விட்டுப் படித்தால் அதே இடங்கள் இனிக்கும்.

முடிவு தெரிந்த கதையை ஏன் மறுபடி படிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முதல் வாசிப்பில் வந்தியத்தேவன் குதிரையில் வீரநாராயண ஏரிக்கரைக்கு வருகிற ஆடிப் பதினெட்டிலிருந்து அவனோடேயே நாம் ஓடியிருப்போம். இரண்டாம் வாசிப்பில் நந்தினியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் வரும் இடங்களில் நிதானியுங்கள். அவள் யாரிடம் என்ன சொல்கிறாள், அது உண்மையா, அதே செய்தியை வேறொருவரிடம் எப்படி மாற்றிச் சொல்கிறாள் என்று கவனியுங்கள். சாகசக் கதை என்று நினைத்திருந்தது, தன் பிறப்பே தனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் கதையாகத் தெரியத் தொடங்கும். மூன்றாம் வாசிப்பு என்று ஒன்று வாய்த்தால் ஊமை ராணி.

அசோகமித்திரனுக்கு இந்த வழி வேண்டியதில்லை. அவரிடம் எல்லாமே சின்னச் சின்ன வாக்கியங்களில் நடந்துவிடும். வேகமாகப் படித்தால் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். 'பதினெட்டாவது அட்சக்கோடு' நிஜாமின் கடைசி நாட்களில் செகந்திராபாத்தில் ஒரு கல்லூரி மாணவன் கிரிக்கெட் ஆடிக்கொண்டும் மாட்டைத் தேடிக்கொண்டும் இருக்கும் கதை என்று முதல் வாசிப்பில் படலாம். மறுபடி படிக்கும்போது, எந்த இடங்களில் 'நான்' என்று சொல்லிவந்த குரல் 'சந்திரசேகரன்' என்று மாறுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். தன்னைத் தானே விலகி நின்று பார்க்கும் பழக்கம் அவனுக்கு எப்போதெல்லாம் வருகிறது என்பது பிடிபட்டால், கடைசிச் சில பக்கங்கள் ஏன் அப்படி அடிக்கின்றன என்பதும் பிடிபடும். அந்தக் கடைசிப் பக்கங்களில் என்ன நடக்கிறது என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள். நானும் இங்கே சொல்லவில்லை.

மங்கிப்போன புத்தகங்கள்

மறுபடி படித்தால் பிடிக்காமலும் போகும். அதற்குத் தயாராக இருங்கள்.

நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' வந்த காலத்தில் எத்தனையோ பெற்றோர் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருள்ளவர்கள் பலர் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார்கள். அந்த நாவலை இப்போது எடுத்தால் ஆட்கள் பேசுவதெல்லாம் மேடைப்பேச்சு போல இருப்பதாகத் தோன்றலாம். நல்லவர்கள் அவ்வளவு நல்லவர்களாக இருப்பது நம்ப முடியாமல் போகலாம். அப்படித் தோன்றினால் அதை மறைத்துக்கொண்டு, "காவியம், படிச்சுப் பாரு" என்று இருபது வயதுக்காரர் கையில் திணிப்பது அவருக்கும் நல்லதல்ல, நாவலுக்கும் நல்லதல்ல. ஆனால் அதோடு தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். சுதந்திரம் வந்து பத்துப் பதினைந்து வருடத்தில், நேர்மையாக வாழ்ந்துவிட முடியும் என்று நம்ப விரும்பிய ஒரு தலைமுறைக்கு அந்த நாவல் என்ன கொடுத்தது என்பது முக்கியமான செய்தி. அந்தத் தலைமுறையை அறிய விரும்புகிறவருக்கு அதைச் சொல்லியே பரிந்துரைக்கலாம். தன் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் அந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்த பேத்திக்கு அது மிகச் சரியான நாவல்.

சாதி பற்றியும் பெண்கள் பற்றியும் பழைய நாவல்களில் வரும் பேச்சு வேறு விஷயம். அங்கே நிதானமாக ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இதைச் சொல்வது பாத்திரமா, கதை சொல்கிற குரலா? பாத்திரம் சொல்லி, கதை அதைக் கேள்வி கேட்கிறது என்றால் அது நாவலின் பலம். கதை சொல்கிற குரலே அதை ஒப்புக்கொண்டு போகிறது என்றால், கொடுக்கிறபோதே அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அது தன்னைப் பற்றிய பேச்சு என்று உணரக்கூடிய ஒருவருக்கு முன்னறிவிப்பு இல்லாமல் அந்தப் பக்கத்தைக் கொடுப்பது சரியல்ல. சில நாவல்கள் இந்தச் சோதனையில் முன்னைவிட உயர்ந்து நிற்கும். ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966-இல் வந்தபோது அதிர்ந்தவர்கள் நிறையப் பேர். இன்று படித்தால், அலங்காரத்தம்மாள் மீது அந்த நாவல் எங்கேயுமே தீர்ப்புச் சொல்லவில்லை என்பதுதான் கண்ணில் படுகிறது. மகன் அப்பு திணறுகிறான், கணவர் மௌனமாக இருக்கிறார், ஜானகிராமன் அவளைப் பார்த்தபடியே இருக்கிறார். இத்தனை வருடம் கழித்தும் அப்படிப் பார்ப்பவர்கள் குறைவு.

யாருக்கு எதை

பரிந்துரை கேட்பவரிடம் உடனே பெயரைச் சொல்லிவிடாதீர்கள். கடைசியாக முழுதும் படித்து முடித்தது எது, எங்கே எப்போது படிக்கப்போகிறார், எதைப் பார்த்தால் அலுப்பு வரும் என்று கேளுங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவருக்கு ஐந்து பாக நாவல் ஆகாது.

என் அண்ணன் மகள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போனில் கேட்டாள்.

"சித்தப்பா, நல்ல நாவல் ஒண்ணு சொல்லுங்களேன்."

"கடைசியா எதும்மா முடிச்ச?"

"ஸ்கூல்ல படிச்சதோட சரி. நடுவுல ரெண்டு மூணு ஆரம்பிச்சேன், பாதில விட்டுட்டேன். குண்டுப் புத்தகம் வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேலதான் டைம்."

"ஹாஸ்டல்ல தண்ணி எல்லாம் ஒழுங்கா வருதா?"

"அதை ஏன் கேக்கறீங்க. லாரி வந்தாத்தான்."

அவளுக்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்' அனுப்பினேன். 1973-இல் வந்த மிகச் சிறிய நாவல். குழாயில் தண்ணீர் வராத சென்னைத் தெரு, குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் பெண்கள், சினிமாவில் தலைகாட்டலாம் என்று நம்பி ஏமாந்துகொண்டிருக்கும் ஜமுனா, அவள் தங்கை சாயா. டீச்சரம்மா தன் கல்யாணத்தைப் பற்றி ஜமுனாவிடம் சொல்லும் பக்கங்கள் வரை படித்துவிட்டு, அதன் பிறகு பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம் என்று மட்டும் சொன்னேன். எந்த இடம் வரை படிக்க வேண்டும் என்று சொல்வது, நாவலை நாலு வார்த்தை புகழ்வதைவிட எப்போதும் அதிகம் பயன்படும். அதற்காகவாவது மறுபடி படித்திருக்க வேண்டும்.

காலமும் ஒரு நாவலைப் பரிந்துரைக்கும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. அந்த வருடம் 'தண்ணீர்' படித்தவர்களுக்கு அதைப் பழைய நாவல் என்று நினைக்கவே முடிந்திருக்காது. இந்த மாதிரித் தருணங்களைக் கவனித்து வையுங்கள்.

சினிமா பார்த்துவிட்டு வருகிறவர்கள் தனி. 'அசுரன்' பார்த்துவிட்டுப் பூமணியின் 'வெக்கை'யைக் கேட்பவரிடம், "படம் தகப்பனோட கதை, நாவல் பையனோட கதை" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 1982-இல் வந்த அந்த நாவல் பதினைந்து வயதுச் சிதம்பரம் வெட்டிவிட்டு ஓடுவதில் தொடங்குகிறது. பிறகு சில நாட்கள் அய்யாவும் மகனும் கரிசல் காட்டிலும் மலையிலும் மறைந்து திரிவதுதான் பெரும்பகுதி. சண்டைக் காட்சிக்குக் காத்திருந்து படித்தால் ஏமாற்றம்தான். எங்கே சமைத்தார்கள், எதைத் தின்றார்கள், எங்கே படுத்தார்கள் என்பதில் மனம் போனால், அந்தப் பையனுக்கும் தகப்பனுக்கும் நடுவில் நடப்பது தெரியும். அது பிடித்தவருக்கு அடுத்து பூமணியின் 'பிறகு' நாவலைக் கொடுக்கலாம்.

வட்டார வழக்கு பலரை நிறுத்திவிடுகிறது. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' பனைவிளைகளும் பனையேறிகளும் நிறைந்த குமரி மண்ணின் கதை, பேச்சும் அந்த மண்ணின் பேச்சு. அதைத் தஞ்சாவூர்க்காரருக்கோ கோயம்புத்தூர்க்காரருக்கோ கொடுக்கும்போது முதல் இரண்டு பக்கத்தை வாய்விட்டு நீங்களே படித்துக் காட்டுங்கள். கண்ணால் தடுக்கும் பேச்சு காதில் தடுக்காது. லிஸி என்ற அந்தச் சிறுமியின் உலகம் எப்படி மெல்ல மெல்ல வீட்டுக்குள் அடைபடுகிறது என்பது புரியத் தொடங்கிவிட்டால் பிறகு சொற்கள் தாமாக வந்துவிடும்.

சில நாவல்களைத் தனியாகக் கொடுக்கக் கூடாது. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' அப்படிப்பட்டது. முதலில் 1966-இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையைக் கொடுங்கள். மழை நாளில் காரில் ஏறிய மாணவி கெட்டுப்போய் வீடு திரும்புகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, ஒன்றும் ஆகவில்லை என்று சேர்த்துக்கொள்கிறாள். அந்த முடிவுக்கு எழுந்த எதிர்ப்பு அப்போது பெரியது. நாவல் என்ன செய்கிறது என்றால், அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எடுத்துக்கொள்கிறது. அதோடு நிற்காமல், வளர்ந்து உத்தியோகத்தில் இருக்கும் அந்த மாணவி கங்கா அந்தச் சிறுகதையைப் பத்திரிகையில் படிக்க நேர்வதாகவும் வைக்கிறது. தனக்கு நடந்தது கதையாகி, அந்தக் கதையில் தனக்குக் கிடைக்காத ஓர் அம்மா வருகிறாள் என்பதைப் பார்க்கிற பெண்ணின் நிலையை, சிறுகதையைப் படித்தவரால்தான் முழுதாக உணர முடியும். அந்த நாவலின் திரைப்படத்தில் லட்சுமியைப் பார்த்தவர்களுக்கும் இதே வரிசையைச் சொல்லுங்கள்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நம் மொழியில் எழுதப்பட்ட மிகப் பெரிய நாவல்களில் ஒன்று என்பது என் எண்ணம். ஆனாலும் அதை முதல் நாவலாக யாருக்கும் சொல்வதில்லை. மெடானும் பினாங்கும் யுத்தமும் மலாய்ச் சொற்களும் ஒன்றாக வந்து மோதும். பாண்டியனின் நினைவோட்டம் பக்கம் பக்கமாகப் போகும். தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ கப்பலேறிப் போன குடும்பத்துக்காரர்களுக்குச் சொல்லுங்கள், தானாகவே இழுத்துக்கொண்டு போகும். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' பத்து நாவலாவது படித்து, நாவல் என்றால் என்ன என்று தனக்குத் தானே கேட்கத் தொடங்கியவருக்கு. அதே சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' எல்லோருக்கும். தாமோதர ஆசான் கதை சொல்லும் தொடக்கப் பகுதியில் அவசரப்படாமல் உட்கார மட்டும் சொல்லுங்கள்.

கையில் கொடுத்த பிறகு

சொந்தப் பிரதியைக் கொடுப்பதானால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற பிரதியைக் கொடுங்கள். அடிக்கோடிட்ட பிரதியைக் கொடுக்காதீர்கள்; படிப்பவரின் கண் உங்கள் கோட்டுக்கே போகும், அவருடைய இடத்தை அவர் கண்டுபிடிக்க மாட்டார். உள்ளட்டையில் ஒரு துண்டுத்தாள் வைத்து, அதில் பக்க எண் ஒன்றை மட்டும் எழுதலாம். அது நீங்கள் மறுபடி படித்தபோது நின்ற இடம். ஏன் நின்றீர்கள் என்று எழுத வேண்டாம்.

கொடுத்த மறுவாரமே "படிச்சாச்சா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்த பிறகு புத்தகம் வீட்டுப்பாடம் ஆகிவிடும். பார்க்கும்போதெல்லாம் அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது கஷ்டம்தான், ஆனாலும் இருங்கள்.

அவர் தானாக வந்து "எனக்குப் பிடிக்கலை" என்றால் நாவலுக்கு வக்காலத்து வாங்க வேண்டாம். எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தை அன்றிரவே எடுத்துப் பாருங்கள். பல நேரம் அவர் சொன்னது சரியாக இருக்கும்: அந்த இடத்தில் கதை உண்மையிலேயே தொய்ந்திருக்கும், நம் பிரியத்தில் நாம்தான் தாண்டிப் போயிருப்போம். சில நேரம் அவர் இன்னும் நாலு பக்கம் போயிருந்தால் விட்டிருக்க மாட்டார் என்று தெரியும். அப்போது அந்த நாலு பக்கத்தில் யார் வருகிறார் என்பதை மட்டும் சொல்லி, புத்தகத்தை இன்னும் கொஞ்ச நாள் அவரிடமே இருக்கவிடுங்கள். பிடித்திருந்து, அடுத்தது கேட்டு வந்தால், அதே ஆசிரியரின் இன்னொரு நாவலை உடனே நீட்டாமல், எந்த ஆள் பிடித்தது, எந்த இடம் பிடித்தது என்று முதலில் அவரைப் பேசவிடுங்கள். 'தண்ணீர்' படித்துவிட்டு ஜமுனாவைப் பற்றிப் பேசுகிறவருக்கு அடுத்தது சினிமா ஸ்டூடியோ மனிதர்களைப் பற்றிய அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்'. டீச்சரம்மாவைப் பற்றியே பேசுகிறவருக்கு 'அம்மா வந்தாள்'.